கதவு எண் இல்லாத வீடு

கேமரா மாட்ட வந்தவர் ஏணியிலிருந்து இறங்கி, வீட்டுக்காரரின் போனை வாங்கி ஆப்பைத் திறந்து காட்டுகிறார். வாசல் தெரிகிறது. கோலம் தெரிகிறது. கோலமாவைக் கொத்த வந்த குருவிகூடத் தெரிகிறது. வீட்டுக்காரருக்கு மனம் நிறைந்துவிடுகிறது. பணத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டு, பால் வாங்கத் தெருமுனைக்குப் போகிறவர் அங்கே நின்று இன்னொரு முறை திறந்து பார்க்கிறார். திரையின் நடுவே ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, படம் வரவில்லை. திரும்பி வந்து வாசற்படியில் கால் வைத்ததும் குருவி மறுபடி வந்துவிடுகிறது.

கேமராவில் பழுதில்லை, போனிலும் பழுதில்லை. வீட்டுக்குள் இருக்கும்போது இரண்டும் ஒரே ரவுட்டரோடு பேசுகின்றன. தெருமுனையில் வைஃபை விட்டுப்போய், போன் மொபைல் டேட்டாவுக்குத் தாவியதும், இணையம் முழுவதிலும் அந்த ஒரு கேமராவை அது தேட வேண்டியதாகிறது. தேடினால் கிடைப்பதில்லை. நூறு மீட்டரிலிருந்து தெரியாத வாசல் துபாயிலிருந்து எப்படித் தெரியும்? மெகாபிக்சல், இரவுப் பார்வை, நாலாபுறமும் திரும்பும் கழுத்து என்று கடைக்காரர் அடுக்கும் சிறப்புகளில் எதுவும் இந்தக் கேள்விக்கு உதவாது. இது முகவரிச் சிக்கல்.

கேமராவுக்கு முகவரியே இல்லையா என்றால், இருக்கிறது. ரவுட்டரின் பக்கத்தைத் திறந்தால், கேமராவுக்கு எதிரே 192.168.1.20 என்பதுபோல ஓர் எண் இருக்கும். பக்கத்து வீட்டு டிவிக்கும் அதே எண் இருக்கலாம். பிரேசிலில் யாரோ ஒரு பல் மருத்துவரின் பிரிண்டருக்கும் இருக்கலாம். 192.168 என்றும் 10 என்றும் தொடங்கும் எண்களையும், 172இல் ஒரு பகுதியையும், வீடுகளும் அலுவலகங்களும் தங்களுக்குள் வைத்துக்கொள்ளட்டும் என்று இணையப் பொறியாளர்கள் 1996 பிப்ரவரியில் ஒதுக்கிவிட்டார்கள். உள்ளே புழங்கும், வெளியே செல்லாது. வீட்டில் ஒரு பிள்ளையை ‘குட்டி’ என்று கூப்பிடுவார்கள். கூப்பிட்டால் ஓடி வரும். ஆனால் உறையின் மேல் ‘குட்டி’ என்று மட்டும் எழுதித் தபால் பெட்டியில் போட்டால், அதைத் தபால்காரர் எந்தத் தெருவுக்குக் கொண்டுபோவார்?

இப்படிச் செல்லப்பெயரில் காலம் தள்ள வேண்டிய நெருக்கடி 1977இல் எடுத்த ஒரு முடிவிலிருந்து வந்தது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு முகமையில் இணையத் திட்டத்தை நடத்திவந்த விண்டன் செர்ஃப், முகவரி எவ்வளவு நீளம் இருக்க வேண்டும் என்று நீண்டுகொண்டே போன வாக்குவாதத்தை நிறுத்தி, 32 பிட் போதும் என்று தீர்த்துவைத்தார். 32 பிட்டில் 429 கோடியே 49 லட்சத்துச் சொச்சம் முகவரிகள் கிடைக்கும். அன்றைய உலக மக்கள்தொகை ஏறக்குறைய 420 கோடி. ஒரு சோதனை வலைக்கு, ஆளுக்கொரு முகவரி கொடுத்தாலும் மிஞ்சும் என்ற கணக்கு தாராளமாகத்தான் தோன்றியிருக்கும். ஆனால் அந்தச் சோதனை முடியவே இல்லை. அதுவே வளர்ந்து உலக இணையமாகிவிட்டது. 2011 பிப்ரவரி 3 அன்று மையக் கையிருப்பில் மிச்சமிருந்த கடைசி ஐந்து தொகுதிகளும், உலகின் ஐந்து வட்டாரப் பதிவகங்களுக்கும் ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுக்கப்பட்டன. கிடங்கு காலி.

அந்த நாள் வரும் என்று தெரிந்தே 1994 மே மாதத்தில் ஒரு தற்காலிக ஏற்பாடு முன்மொழியப்பட்டது. ‘நேட்’ என்று அதைச் சுருக்கிச் சொல்வார்கள்: முகவரி மாற்றித் தரும் ஏற்பாடு. வீட்டில் எத்தனை கருவிகள் இருந்தாலும் வெளியுலகுக்குத் தெரிவது ஒரே எண்தான். அதை ரவுட்டர் வைத்துக்கொள்ளும்.

அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கும் வாட்ச்மேனை நினைத்துக்கொண்டால் ரவுட்டரின் வேலை புரியும். உள்ளேயிருந்து போன் ஒரு செய்தி அனுப்பினால், ‘இன்ன கருவி, இன்ன இடத்துக்கு அனுப்பியது, நம் வாசலில் 40,112ஆம் சாளரம்’ என்று ரவுட்டர் குறித்துக்கொள்கிறது. இந்தச் சாளரங்களுக்கு ‘போர்ட்’ என்று பெயர். ஒரு முகவரிக்கு 65,535 வரை உண்டு. பதில் அதே சாளரத்துக்கு வந்தால் நோட்டைப் பார்த்து உரிய கருவியிடம் கொடுத்துவிடுகிறது. உள்ளேயிருந்து யாரும் எதையும் கேட்காத நிலையில், வெளியிலிருந்து ஒரு செய்தி தானாக வந்து நின்றால்? நோட்டில் குறிப்பே இல்லை. யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் கீழே போட்டுவிடுகிறது. தெருமுனையில் நின்றவருக்கு நடந்தது இதுதான். இந்த வீட்டிலிருந்து உலகத்தில் யாரை வேண்டுமானாலும் அழைக்கலாம். இந்த வீட்டை யாரும் அழைக்க முடியாது.

முகவரிப் பஞ்சத்துக்காகச் செய்த ஏற்பாடு, அழையாமல் வருகிறவர்களை வாசலிலேயே நிறுத்திவைக்கும் காவலாகவும் ஆகிப்போனது. கேமராவை வெளியூரிலிருந்து பார்க்க மனிதர்கள் கண்டுபிடித்த வழிகள் அத்தனையும், இந்தக் காவலை ஏதோ ஒரு விதத்தில் தளர்த்துகிற வழிகள். எவ்வளவு தளர்த்துகிறோம், யாருக்காகத் தளர்த்துகிறோம் என்பதில்தான் ஒன்றுக்கொன்று வித்தியாசம்.

கேமராப் படத்தைப் பதிந்துவைக்கும் டி.வி.ஆர் பெட்டியை 2000களில் மாட்டியவர்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்த வழி ‘போர்ட் ஃபார்வர்டிங்’. வாட்ச்மேனின் நோட்டில் நிரந்தரமாக ஒரு வரி எழுதிவிடுவது: 554ஆம் சாளரத்துக்கு யார் வந்தாலும் கேமராவிடம் அனுப்பு. நேரலைப் படத்துக்கென்று வழக்கமாக ஒதுக்கப்பட்ட எண் 554. வீட்டின் வெளிமுகவரி சில நாளுக்கொரு முறை மாறிவிடும் என்பதால், மாறும்போதெல்லாம் புதிய எண்ணைத் தானே பதிந்துகொள்ளும் ஒரு பெயர்ச் சேவையையும் சேர்த்துக்கொள்வார்கள். இரண்டும் அமைந்துவிட்டால் எந்த ஊரிலிருந்தும் படம் வரும். எளிமையான, நேர்த்தியான வழி. ‘யார் வந்தாலும்’ என்ற இரண்டு சொற்கள்தான் அதில் விஷம்.

இவ்வளவு பெரிய இணையத்தில் ஒரு சின்ன வீட்டின் 554ஆம் சாளரத்தை யார் தேடி வரப்போகிறார்கள் என்று அன்று பலரும் நினைத்தார்கள். 429 கோடி முகவரிகள் மனிதருக்குத்தான் பெரிய எண்ணிக்கை; கணினிக்கு இல்லை. 2013இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ‘இசட்மேப்’ என்ற கருவியை வெளியிட்டார்கள். நொடிக்கு ஒரு கிகாபிட் வேகமுள்ள இணைப்பும் ஒரு சாதாரணக் கணினியும் இருந்தால், 45 நிமிடத்துக்குள் இணையத்தின் எல்லா முகவரிகளிலும் குறிப்பிட்ட ஒரு சாளரத்தைத் தட்டிப் பார்த்துவிடும். அதற்கு முன்பே, 2009இல், ‘ஷோடன்’ என்ற தேடுபொறி வந்திருந்தது. இணையத்தில் திறந்து கிடக்கும் கருவிகளைத் தேடித் தருவதே அதன் தொழில். தேடித்தான் வர வேண்டும் என்ற நிலை போய், எல்லாக் கதவுகளையும் எப்போதும் யாரோ தட்டிக்கொண்டே இருக்கிற நிலை வந்துவிட்டது.

தட்டியவர்களுக்குப் பல வீடுகளில் கதவு திறந்தது. 2012 ஜனவரியில் அமெரிக்காவில் டிரெண்ட்நெட் நிறுவனத்தின் கேமராக்களில் இருந்த ஒரு மென்பொருள் பிழை வெளியே தெரிந்தது. முகவரி தெரிந்தால் போதும், கடவுச்சொல் கேட்காமலே படம் வரும். ஏறக்குறைய 700 வீடுகளின் நேரலைக்கான இணைப்புகளை யாரோ இணையத்தில் போட்டுவிட்டார்கள். தொட்டிலில் தூங்கும் குழந்தைகள், விளையாடும் சிறுவர்கள், அன்றாட வேலையில் இருக்கும் பெரியவர்கள் எல்லோரும் அதில் இருந்தார்கள். குழந்தை பத்திரமாகத் தூங்குகிறதா என்று பார்க்க ஆசைப்பட்ட ஒரு தாய், அந்தத் தொட்டிலை ஊருக்கே காட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். அது அவளுக்குத் தெரியவே வழியில்லை. அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2013 செப்டம்பரில் அந்த நிறுவனத்தின் மீது நடவடிக்கை எடுத்தது.

மூன்று ஆண்டு கழித்து வந்தது இதைவிடப் பெரிது. ஜப்பானிய மொழியில் ‘எதிர்காலம்’ என்று பொருள்படும் ‘மிராய்’ என்ற தீநிரல் செய்த வேலை மிக எளிமையானது. கண்ணில் பட்ட ஒவ்வொரு முகவரியையும் தட்டும். கதவு திறந்தால், தொழிற்சாலையில் வைத்து அனுப்பும் பயனர்பெயர், கடவுச்சொல் இணைகளில் அறுபதைச் சொச்சத்தை வரிசையாகப் போட்டுப் பார்க்கும். அவ்வளவுதான். அந்த அறுபதைக் கொண்டே, உச்சத்தில் ஏறக்குறைய 6 லட்சம் கருவிகள் அதன் பிடிக்குள் வந்தன. அவற்றில் பெரும்பகுதி கேமராக்கள், டி.வி.ஆர் பெட்டிகள், ரவுட்டர்கள். 2016 அக்டோபர் 21 அன்று அந்தப் படை டைன் என்ற பெயர்-முகவரிச் சேவை நிறுவனத்தின் மீது ஒரே நேரத்தில் பாய, ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ், ரெட்டிட் போன்ற தளங்கள் அமெரிக்காவின் பல பகுதிகளில் மணிக்கணக்கில் திறக்கவில்லை. படையில் சேர்க்கப்பட்ட கேமராக்களின் சொந்தக்காரர்களுக்கு வழக்கம்போல் வாசல் தெரிந்துகொண்டுதான் இருந்தது. கேமராவை அணைத்துப் போட்டால் தீநிரல் அழிந்துவிடும். அது நினைவகத்தில் மட்டுமே குடியிருந்தது. கடவுச்சொல்லை மாற்றாமல் மறுபடி இணைத்தால் சில நிமிடங்களில் திரும்பவும் வந்து ஒட்டிக்கொள்ளும்.

இந்தியாவில் போர்ட் ஃபார்வர்டிங் வழி பெரும்பாலான வீடுகளுக்கு அடைபட்டதற்குக் காரணம் அச்சம் அல்ல. பழைய முகவரிப் பஞ்சமே. ஒரு வீட்டுக்கு ஒரு வெளிமுகவரி கொடுக்கக்கூட இணைய நிறுவனங்களிடம் இப்போது எண்கள் இல்லை. அதனால் பல வீடுகளைச் சேர்த்து ஒரே முகவரிக்குப் பின்னால் நிறுத்துகிறார்கள். வீட்டு வாட்ச்மேனுக்கு மேல், தெருவுக்கே ஒரு பெரிய வாட்ச்மேன். இந்த இடைநிலை வலைக்கென்றே 2012 ஏப்ரலில் 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் 41,94,304 எண்கள் ஒதுக்கப்பட்டன. ரவுட்டரின் பக்கத்தில் ‘வான்’ (WAN) என்ற தலைப்பின் கீழ் இருக்கும் எண் இந்த வரிசையில் இருந்தால், போர்ட் ஃபார்வர்டிங்கை எத்தனை முறை போட்டாலும் வேலைக்காகாது. வீட்டு நோட்டில் எழுதலாம். கேபிள்காரர் வைத்திருக்கும் நோட்டில் யார் எழுத விடுவார்கள்? கூடுதல் பணம் கட்டி நிலையான முகவரி ஒன்றை வாங்கினால் உண்டு. பல கேமராக்காரர்கள் அரை நாள் மல்லுக்கட்டிவிட்டு, ‘நெட்டில் பிரச்சினை, அவர்களிடம் கேளுங்கள்’ என்று போவதற்குப் பின்னால் இருக்கும் உண்மை இது.

128 பிட் கொண்ட புதிய முகவரிமுறையில் இந்தப் பஞ்சமே இல்லை. 2016 செப்டம்பரில் ஜியோ அதைப் பெரிய அளவில் கையாளத் தொடங்கியதிலிருந்து, அந்த முறையைப் பயன்படுத்துவதில் இந்தியா உலகின் முன்வரிசையில் இருக்கிறது. ஆனால் பழைய முறை மட்டுமே தெரிந்த கேமராக்கள் ஏராளம். புதிய முறையிலும் அழையா விருந்தாளியை ரவுட்டர் வழக்கமாக மறித்துத்தான் வைக்கிறது. அப்படி வைப்பதே நல்லது.

ஆக, கதவை வெளியிலிருந்து திறக்க முடியாது. அப்படியென்றால் உள்ளேயிருந்துதான் திறக்க வேண்டும். இன்று கடையில் வாங்கும் வைஃபை கேமராக்கள் செய்வது இதைத்தான். மின்சாரம் வந்ததும் கேமரா தானாகவே உற்பத்தியாளரின் சர்வரைக் கூப்பிட்டு, ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்கிறது. சில நொடிக்கொரு முறை திரும்பத் திரும்பச் சொல்கிறது. பேச்சு நின்றுவிட்டால் ரவுட்டர் கொஞ்ச நேரத்தில் அந்த வரியை நோட்டிலிருந்து அடித்துவிடும் என்பதற்காகவே இந்த ஓயாத அழைப்பு. அதே நேரம் துபாயில் இருக்கும் போனும் ஆப் திறந்ததும் அதே சர்வரைக் கூப்பிடுகிறது. இரண்டு பேரும் எந்த முகவரியிலிருந்து, எந்தச் சாளரத்திலிருந்து பேசுகிறார்கள் என்பது சர்வருக்குத் தெரியும். அதை இவருக்கு அவரும் அவருக்கு இவரும் தெரியும்படி சொல்லிவிடுகிறது. உடனே இருவரும் ஒருவரையொருவர் நோக்கி ஒரே சமயத்தில் செய்தி அனுப்புகிறார்கள். போனின் பக்கத்து வாட்ச்மேன் ‘நம் ஆள் அங்கே பேசினார், இது அதற்குப் பதில்’ என்று நினைக்கிறார். கேமராவின் பக்கத்து வாட்ச்மேனும் அப்படியே நினைக்கிறார். இரண்டு பக்கமும் வழி விடுகிறார்கள். படம் நேராக ஓடத் தொடங்குகிறது. கல்யாணத் தரகர் இரு வீட்டாரையும் அறிமுகம் செய்துவிட்டு ஒதுங்கிக்கொள்வதைப்போல, சர்வர் ஒதுங்கிக்கொள்கிறது.

‘ஹோல் பஞ்சிங்’ என்று இதற்குப் பெயர். இணைய விளையாட்டுக்காரர்களும் குரல் அழைப்பு எழுதியவர்களும் தங்கள் தேவைக்காக வளர்த்தெடுத்த உத்தி இது. பிரையன் ஃபோர்ட், பைடா ஸ்ரீசுரேஷ், டான் கேகல் மூவரும் 2005இல் வெளியிட்ட ஆய்வில், சோதித்த ரவுட்டர்களில் 82 விழுக்காடு இதற்கு இடம்கொடுத்தன. மீதிக்கு? தரகரே நடுவில் உட்கார்ந்து இந்தப் பக்கச் சேதியை அந்தப் பக்கம் சுமக்க வேண்டியதுதான். படம் முழுவதும் சர்வர் வழியாகப் போய் வரும். ஒரே கேமரா சில நாள் பட்டென்று திறப்பதற்கும், சில நாள் இழுத்தடிப்பதற்கும் இது ஒரு முக்கியக் காரணம்.

தாமதம் என்றதும் பலர் தூரத்தைக் குறை சொல்வார்கள். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு 2002இல் போடப்பட்ட ஐ-டு-ஐ கடலடிக் கேபிளின் நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். ஒளி அதைக் கடக்க 16 மில்லிநொடி போதும். கண் இமைப்பதே அதைவிட மெதுவாகத்தான். நேரம் போவது படத்தைச் சுருக்குவதிலும் விரிப்பதிலும். 1920க்கு 1080 புள்ளிகள், புள்ளிக்கு 3 பைட், நொடிக்கு 25 படம் என்று பெருக்கினால் நொடிக்கு 1,244 மெகாபிட் வருகிறது. பெரும்பாலான வீட்டு இணைப்புகள் தாங்காது. கேமரா அதை 2 முதல் 4 மெகாபிட்டாகச் சுருக்கி அனுப்புகிறது. சில நொடிக்கொரு முழுப்படம், நடுவில் மாறிய பகுதிகள் மட்டும் என்பது உத்தி. அசையாத சுவரைத் திரும்பத் திரும்ப அனுப்புவதில்லை. ஆப்பைத் திறந்தவர் அடுத்த முழுப்படம் வரும்வரை காத்திருக்க வேண்டும். அந்த ஓரிரு நொடிதான் பெரிய தாமதம். 2 மெகாபிட் என்று வைத்துக்கொண்டாலும் ஒரு நாளைக்கு 21.6 கிகாபைட். மொபைல் டேட்டாவில் பார்க்கிறவர்கள் ஆப்பில் ‘எச்.டி’யை அணைத்து, சிறிய படத்துக்கு மாறிக்கொள்வது பர்ஸுக்கு நல்லது.

தரகர் முறையில் வீட்டுக் கதவு யாருக்கும் பொதுவாகத் திறந்து கிடப்பதில்லை. அந்த அளவுக்கு அது பழைய வழியைவிட மேல். ஆனால் நம்பிக்கை முழுவதும் தரகரின் கைக்குப் போய்விடுகிறது. கேமராவின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் ஒரு நீண்ட எண் இருக்கும். தரகரிடம் கேமராவை அடையாளம் காட்டுவது அதுதான். 2019இல் பால் மராப்பீஸ் என்ற பாதுகாப்பு ஆய்வாளர், பல மலிவு விலைக் கேமராக்களில் இருந்த ‘ஐலிங்க்பிடுபி’ என்ற மென்பொருளில் இந்த எண்களை ஊகித்தே கண்டுபிடிக்க முடியும் என்று காட்டினார். 20 லட்சத்துக்கும் மேற்பட்ட கருவிகள் அப்படி அகப்பட்டன. புதுக் கேமரா வாங்கிய மகிழ்ச்சியில் அட்டைப்பெட்டியையும் ஸ்டிக்கரையும் படமெடுத்துக் குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் போடுகிறவர்கள் இதை ஒரு நிமிடம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

வெளியாள் நுழையாவிட்டாலும், தரகர் வீட்டு ஆட்களே பார்த்தால்? வீட்டுக் கேமரா விற்கும் ரிங் நிறுவனத்தின் ஊழியர் ஒருவர் 2017இல், வாடிக்கையாளர்களான பெண்களின் வீட்டுப் பதிவுகளை ஆயிரக்கணக்கில் பார்த்திருந்தார் என்று அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2023இல் குற்றம்சாட்டியது; 58 லட்சம் டாலர் கட்ட நிறுவனம் ஒப்புக்கொண்டது. படம் கேமராவிலேயே பூட்டப்பட்டு, பார்ப்பவரின் போனில் மட்டும் திறக்கும் முறை இருக்கிறது. அதில் நடுவில் இருப்பவருக்குப் புரியாத எண்களே கிடைக்கும். சில கேமராக்களில் அது அமைப்புகளுக்குள் அணைத்தே வைக்கப்பட்டிருக்கிறது. தேடிப்பிடித்துப் போட்டுக்கொள்ள வேண்டும். சட்டங்களும் மெல்ல வருகின்றன. எல்லாக் கருவிக்கும் ஒரே கடவுச்சொல் வைத்து விற்பதை 2024 ஏப்ரல் 29 முதல் பிரிட்டன் தடை செய்துவிட்டது. கண்காணிப்புக் கேமராக்கள் பாதுகாப்புச் சோதனையில் தேற வேண்டும் என்று இந்திய அரசு 2024 ஏப்ரலில் ஆணையிட்டது; அது 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது.

யாரையும் நம்ப விருப்பமில்லாதவர்களுக்குக் கொஞ்சம் உழைப்பு கேட்கும் ஒரு வழி இருக்கிறது: சொந்தச் சுரங்கப்பாதை. ராஸ்பெர்ரி பை போன்ற சின்னக் கணினி ஒன்றை வீட்டில் வைத்து, அதில் ‘வயர்கார்ட்’ மென்பொருளை நிறுவுவது. 2020 மார்ச்சில் லினக்ஸின் மையப் பகுதியிலேயே சேர்க்கப்பட்ட மென்பொருள் இது. போனில் இருக்கும் திறவுகோல் பொருந்தினால், போன் எந்த நாட்டில் இருந்தாலும் வீட்டு வைஃபைக்குள் இருப்பதுபோல் ஆகிவிடும். ‘குட்டி’ என்று கூப்பிட்டாலே கேமரா ஓடி வரும். இதில் மிக அழகான குணம், திறவுகோல் இல்லாதவர் தட்டினால் அது பதிலே சொல்லாது என்பது. ‘தவறு’ என்றுகூடச் சொல்லாது. தட்டியவருக்கு அங்கே ஒரு கதவு இருப்பதே தெரியாது. தெரு வாட்ச்மேனுக்குப் பின்னால் இருக்கும் வீடுகள், வெளியே வாடகைக்கு ஒரு சிறிய சர்வர் எடுத்து அதன் வழியே வர வேண்டியிருக்கும்.

வீட்டுக் கேமராவின் தொடக்கத்தில் பார்வையின் திசையே வேறாக இருந்தது. நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் ஜமைக்கா என்ற இடத்தில் வசித்த செவிலியர் மேரி வான் பிரிட்டன் பிரவுன், வேளை கெட்ட வேளையில் வேலை முடித்து வந்து வீட்டில் தனியாக இருக்க நேர்ந்தவர். மின்னணுத் தொழில்நுட்பம் தெரிந்த கணவர் ஆல்பர்ட்டோடு சேர்ந்து 1966இல் அவர் விண்ணப்பித்த காப்புரிமை 1969 டிசம்பர் 2 அன்று கிடைத்தது. கதவில் வெவ்வேறு உயரத்தில் துளைகள், வந்திருப்பவரின் உயரத்துக்கேற்ப மேலும் கீழும் நகரும் கேமரா, படுக்கையறையில் டிவி, பேச மைக், இருந்த இடத்திலிருந்தே கதவைத் திறக்க ஒரு பொத்தான். உள்ளே இருந்த பெண் வெளியே பார்த்தார். பார்க்கும் உரிமையும் திறக்கும் உரிமையும் அவர் கையில் இருந்தன.

இப்போது வெளியே இருப்பவர்கள் உள்ளே பார்க்கிறார்கள். திருநெல்வேலியில் தனியாக இருக்கும் அம்மாவை ஷார்ஜாவிலிருந்து மகன் பார்ப்பதில் இருக்கும் பாசத்தில் ஐயமில்லை. விழுந்துவிட்டால் யாருக்குத் தெரியும் என்ற பயம் உண்மையானது. ஆனாலும் கேமரா கூடத்தில் வேண்டுமா, வாசலில் போதுமா என்று அந்த அம்மாவிடம்தான் முதலில் கேட்க வேண்டும். கோயிலில் இருந்து வந்து சேலைத் தலைப்பைத் தளர்த்திக்கொண்டு மின்விசிறிக்குக் கீழே உட்காரும் அந்த நேரம் அவருடையது. எந்த ஆப்பில் யார் யார் பெயர் இருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அந்தப் பட்டியலை உண்மையில் பலரும் திறந்து பார்ப்பதில்லை. பெரும்பாலான கேமராக்களில் ஸ்டிக்கரின் க்யூஆர் கோடை முதலில் ஸ்கேன் செய்பவரின் கணக்கே உரிமையாளர் கணக்காகிவிடும். மற்றவர்கள் அவர் பகிர்ந்து கொடுத்த விருந்தாளிகள். மாட்ட வந்தவர் அவசரத்தில் தன் போனிலேயே ஸ்கேன் செய்து, வீட்டுக்காரருக்குப் பகிர்ந்துவிட்டுப் போயிருந்தால், அவர் நல்லவரே ஆனாலும் அந்த வீட்டின் உரிமையாளர் அவர்தான். அப்படி நடந்திருந்தால் அவரைக் கூப்பிட்டு அவர் கணக்கிலிருந்து கேமராவை நீக்கச் சொல்லி, கேமராவில் இருக்கும் சின்ன ரீசெட் பொத்தானை அமுக்கிப் பிடித்து, வீட்டுக்காரரின் போனிலேயே புதிதாகத் தொடங்க வேண்டும். டி.வி.ஆர் என்றால் கடவுச்சொல்லை மாற்றி, தெரியாத பயனர்களை நீக்கி, ரவுட்டரில் ‘யு.பி.என்.பி’ என்ற வசதியை அணைத்துவிட வேண்டும்; கருவிகள் தாமாகவே நோட்டில் வரி எழுதிக்கொள்ள இடம் தருவது அதுதான். இவ்வளவுக்கும் பதினைந்து நிமிடம் ஆகாது. மாட்ட வந்தவர் ஏணியை மடித்து வண்டியில் கட்டுவதற்குள் வீட்டுக்காரர் போனில் வைஃபையை அணைத்துவிட்டு, தெருமுனைவரை ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.